காற்றுக்குக் கிழமை தெரியாது

அன்புள்ள சாமிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஓசூரில் முதல் பஸ் ஏறி, சேலம் வந்து, அங்கிருந்து நேராக ராசிபுரம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கே வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டுமாம், லீவு ஒரு நாள்தானாம். வீட்டுக்கு வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வருகிறவன் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரிசி களையப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சோறு குழைந்துபோய் உன் அப்பாவிடம் பேச்சும் வாங்கினேன். இன்றைக்கு எப்படியும் எழுதிவிடுவது என்று உன் பழைய காலேஜ் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மூச்சில் எழுதுவேன் என்று நினைக்காதே. ஆடி மாதம், வெளியே காற்று கன்னாபின்னாவென்று அடிக்கிறது. அரைப் பக்கத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கிணற்றுக் காற்றாடியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நீ கேட்கவில்லை என்றாலும் பத்திரத்தில் இருப்பதை நானே சொல்கிறேன். பழைய கிணறும் அதைச் சுற்றிய காடும் உன் சித்தப்பாவுக்கு. கிழக்குப் பாதி நமக்கு. நம் பாதியில் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியைக் கொண்டுவந்து போர்க்கிணறு போட்டு, மோட்டார் வைத்துக்கொள்வோம். இந்த வருடம் கரண்ட் கொடுத்துவிடுவார்கள் என்று உன் அப்பா நம்புகிறார். காற்றாடியைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவே கிளுவை வேலி வரும். இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை, அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை. உன் அப்பாரு சம்பாதித்த சொத்து என்பதால் மேஜரான பேரன் நீயும் கையெழுத்துப் போட வேண்டும். நீ போட்டால் முடிந்தது, போடாவிட்டால் நடக்காது. இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் நான் நேற்றிலிருந்து கூண்டுக்குள் விட்ட கோழி போல அலைந்துகொண்டிருக்கிறேன்.

காற்றாடி வந்தபோது நீ சேலத்தில் ஹாஸ்டலில் சேர்ந்திருந்த புதிது. நம் காட்டைச் சுற்றி மரம் அதிகம் இல்லை, போதமலைப் பக்கம் வரைக்கும் வெட்டவெளி, கிணற்றில் தண்ணீரும் ரொம்ப ஆழத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு அதிகாரிகள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கரண்டுக்கு எழுதிப்போட்டுப் போட்டு அலுத்துப் போயிருந்த நேரம். கரண்ட் வைத்திருந்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? எந்நேரம் வரும், எந்நேரம் போகும் என்று தெரியாமல் ஸ்டார்ட்டர் பெட்டியின் கீழேயே பாய் போட்டுப் படுத்துக் கிடந்தார்கள். அரசாங்கம் காற்றாடி கொடுக்கிறது, காற்றுக்கு பில் வராது என்றதும் உன் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குரலில் சரி என்றார்கள். அவர்கள் ஒரே குரலில் சொன்ன கடைசி வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

இரும்புக் கோபுரத்தை நிறுத்தி, உச்சியில் சக்கரத்தை மாட்டி, அது முதல் சுற்று சுற்றியபோது ஊரே வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு நீளக் கம்பி மேலும் கீழும் போய்வரும். கிணற்றுக்குள் இருக்கிற பம்பிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டு வந்து தொட்டியில் விழும். பொறுப்பாக இருந்த சின்ன வயசு ஆபீசர் பாவம், எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். கோபுரத்தின் அடியில் ஒரு நெம்புகோல் இருக்கிறது, அதை இழுத்தால் மேலே பிரேக் பிடிக்கும். காற்று மிஞ்சினால் பிரேக். கிணற்றில் தண்ணீர் பம்புக்குக் கீழே போனால் பிரேக், இல்லாவிட்டால் வெறும் பம்பு ஓடி உள்ளே இருக்கிற தோல் வாஷர் தேய்ந்து கருகிவிடும். தொட்டி நிறைந்தால் பிரேக். ஓடவைப்பது காற்றின் வேலை, நிறுத்துவதுதான் உங்கள் வேலை என்றார். ஆண்கள் தலையாட்டினார்கள். ஆனால் நாள் முழுக்கக் காற்றாடி பக்கத்திலேயே யார் இருக்க முடியும்? வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்ததால் அந்த வேலை எனக்கும் உன் சின்னம்மாவுக்கும் வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளில் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. தண்ணீரோடு கம்பி ஏறினால் ஒரு சத்தம், கிணறு வற்றி வெறுங்கம்பி ஏறினால் வேறு சத்தம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தால்கூட காது அங்கேதான் இருக்கும். இப்போதும் அப்படித்தான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? ஆமாம், சத்தத்தில். இனி முறைக்கு வருகிறேன். கவலை ஓட்டிய காலத்தில், அதாவது மாடுகள் முன்னும் பின்னும் நடந்து தோல்பறியில் நீர் இறைத்த காலத்தில், உன் அப்பாரு தன் இரண்டு மகன்களுக்கும் கிணற்றில் முறை வைத்துக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி மூத்தவனுக்கு. செவ்வாய், வியாழன், சனி இளையவனுக்கு. ஞாயிறு கிணறு ஊறட்டும். விடிந்தது முதல் அடுத்த விடியல் வரை ஒருவன் நாளில் இன்னொருவன் மடையைத் தொடக் கூடாது. மாடு திங்களன்றும் நடக்கும், செவ்வாயன்றும் நடக்கும், ஒரு நாள் இறைப்பு என்றால் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்தான். அதனால் அந்தக் கணக்கில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. காற்றாடி வந்ததும் அண்ணனும் தம்பியும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அதே முறையை அதன் தலையிலும் கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமைக் காற்று எங்களுக்கு, செவ்வாய்க்கிழமைக் காற்று அவர்களுக்கு. காற்றுக்குக் கிழமை தெரியுமா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

அப்புறம் நடந்த கூத்தை நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அரைகுறையாகப் பார்த்திருப்பாய். ஆனி பிறந்து காற்று எழும்பியது. நம் நாள் வந்தால் இலை அசையாது. சக்கரம் சோம்பேறி மாதிரி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிற்கும், கம்பியைத் தூக்க அந்தக் காற்று போதாது. மறுநாள் விடிந்தால் அவர்கள் பக்கம் தண்ணீர் குபுகுபுவென்று போகும். அடுத்த வாரம் அப்படியே தலைகீழாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. கிணறு ஊற வேண்டும் என்று பிரேக்கைப் போட்டுவிட்டு இரண்டு வீட்டாரும் வாசலில் நிற்போம். ஊரையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி காற்று அடிக்கும், சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், இரண்டு பக்கத்து மஞ்சளும் வாடிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றை யாருக்கும் இல்லாமல் விட்டோம். உன் அப்பாவைக் கேட்டால், எங்க அப்பன் வெச்ச மொறை என்பார்.

இதில் இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். மாடு ஓட்டிய காலத்தில் யாருக்கும் பேராசை வரவில்லை. நாளைக்கும் மாடு இருக்கும், நாளை மறுநாளும் இருக்கும். காற்று அப்படியா? அடுத்த முறை நம் நாளில் அடிக்குமோ அடிக்காதோ என்று தெரியாதபோது, அடிக்கிற நாளில் யாருக்குப் பிரேக்கைப் போட மனசு வரும்? தொட்டி நிறைந்து வழிந்தாலும் ஓடட்டும், கிணறு அடி தட்டினாலும் ஓடட்டும் என்று ஆகிவிட்டது. நம் வீட்டிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். நல்ல மனுசர்கள்தான் இரண்டு பேரும். நிச்சயமில்லாத ஒன்றை நாள் வைத்துப் பங்கு போட்டதில் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி ஆகிப்போனார்கள்.

நானும் உன் சின்னம்மாவும் துவைக்கிற கல்லில் நின்று இதை எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். நாள் கணக்கை விட்டுவிட்டுத் தொட்டிக் கணக்குக்குப் போனால் என்ன என்று அவள்தான் முதலில் சொன்னாள். ஒரு தொட்டி நிறைந்ததும் உங்களுக்கு, அடுத்த தொட்டி எங்களுக்கு. காற்று அடித்தால் ஒரே நாளில் ஆளுக்கு இரண்டு தொட்டி, அடிக்காவிட்டால் மூன்று நாளுக்கு ஒரு தொட்டி. வந்ததைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான், வரப்போவதை இல்லை. எனக்கு அது அவ்வளவு சரியாகப் பட்டது. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்காரரிடம் சொன்னோம். உன் அப்பா சிரித்தார். அங்கே உன் சித்தப்பாவும் சிரித்தாராம்.

"அண்ணந்தம்பிக்குள்ள தண்ணிய அளந்து குடுத்துக்கிட்டா ஊரு சிரிக்கும். நாமென்ன அன்னியமா?" என்றார் உன் அப்பா.

நாளைப் பங்கு போட்டால் அது அப்பன் வைத்த முறை. தண்ணீரை அளந்தால் கேவலம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அளக்க வெட்கப்பட்டவர்கள்தான் கடைசியில் பூட்டுப் போடுகிற அளவுக்குப் போனார்கள்.

பூட்டு என்றதும் உனக்குப் புரியாது. உனக்கு நாங்கள் சொல்லவில்லை. அந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை பேய்க்காற்று. உன் சித்தப்பா தன் நாள் என்று காலையிலிருந்து ஓடவிட்டார். மத்தியானத்துக்கு மேல் கிணறு அடி தட்டிவிட்டது. வெறுங்கம்பி ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் நாளில் நான் போய்ப் பிரேக்கைத் தொட முடியுமா? உன் சின்னம்மா ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் ஊறும், ஓடட்டும் என்றாராம். வாஷர் போய்விட்டது. புதன்கிழமை நம் நாள், அதே காற்று, சக்கரம் ஜாம்ஜாம் என்று சுற்றுகிறது, தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. சேலத்துக்கு ஆள் அனுப்பி வாஷர் வாங்கிவந்து, பம்பை மேலே தூக்கி மாட்டுவதற்குள் காற்று ஓய்ந்து நம் மஞ்சளில் பாதி கருகிவிட்டது. உன் சித்தப்பா வேண்டுமென்றே பண்ணிவிட்டார் என்று உன் அப்பா முடிவு கட்டிவிட்டார். அதைத்தான் அவர் அப்போது உனக்கு எழுதினார். அந்த ஒரு கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நீ இன்றுவரை சித்தப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறாய். வேண்டுமென்று இல்லை சாமி. கண்மண் தெரியாத ஆசை. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் உனக்கு எழுதவில்லை. காற்று மறுபடி எழும்பிய ஒரு வியாழக்கிழமை, அதாவது அவர்கள் நாள், நானும் உன் அப்பாவும் ஆத்தூர் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்புகிற அவசரத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை. உன் அப்பா விடிவதற்கு முன்பே எழுந்துபோய்ப் பிரேக்கைப் போட்டு, நெம்புகோலைக் கோபுரத்துக் காலோடு சங்கிலியால் சுற்றிப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். நம் மஞ்சள் கருகினதுபோல் அவனுடையதும் ஒரு நாள் வாடட்டும் என்று நினைத்திருக்கிறார். இதை அவர் வாயாலேயே பிறகு எனக்குச் சொன்னார்.

உன் சித்தப்பா மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவு காற்றும் தலைக்கு மேல் வீணாகப் போகிறது. பொறுக்க முடியாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, உச்சியில் பிரேக் கம்பியைக் கழற்றிவிட்டிருக்கிறார். கம்பி விட்டதும் சக்கரம் ஒரே தூக்காகச் சுற்றியிருக்கிறது. காற்றின் பக்கம் திருப்பிக் காட்டுகிற வால் தகடு இருக்கிறதே, அது திரும்பி அவர் தோளில் அடித்தது. கிணற்றில் விழவில்லை, தூர் எடுத்துக் கொட்டிய மண்மேட்டில் விழுந்தார், அதனால் உயிர் தப்பியது. இடது முழங்கை பொடிந்துவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது சக்கரம் நிறுத்த ஆளில்லாமல் பைத்தியம் பிடித்தது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் பூட்டு அப்படியே தொங்கியது. அப்போதுதான் நான் பூட்டைப் பார்த்தேன். உன் அப்பா பூட்டைப் பார்க்கவில்லை, மண்மேட்டைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், போலீஸ்காரர்கூட ஒருவர் வந்து கேட்டார். உன் சித்தப்பா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்.

"கிரீஸ் வெக்கலாமின்னு ஏறுனனுங்க. கை வழுக்கிருச்சுங்க."

உன் அப்பா கால்மாட்டில் நின்று அதைக் கேட்டார். தம்பி பூட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால்கூட உன் அப்பாவால் தாங்கியிருக்க முடியும். கத்தியிருந்தால் இவரும் கத்தியிருப்பார், பஞ்சாயத்து கூடியிருக்கும், ஏதோ ஒன்று முடிந்திருக்கும். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் இவரைத் தின்கிறது.

எழுந்து போனேன். வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்கிறேன். ஏன் வாய்க்கால் என்று கடைசியில் சொல்கிறேன், பொறு.

பொறு என்றால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நீ என் பிள்ளை, நின்ற இடத்தில் நிற்க மாட்டாய். ஓசூர் போன பிறகு எத்தனை ரூம் மாறிவிட்டாய்! கூட இருக்கிற பையன்களோடு சமையலுக்கு நாள் வைத்துக்கொண்டதாக எழுதினாயே, திங்கள் அவன், செவ்வாய் நீ என்று. அப்புறம் நைட் ஷிப்ட் போனவன் தன் நாளில் சமைக்கவில்லை, அதனால் நீ உன் நாளில் வேண்டுமென்றே ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தாய், கடைசியில் இரண்டு பேரும் பட்டினி கிடந்து ரூமைக் காலி செய்தீர்கள். படித்துவிட்டு நானும் உன் சின்னம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். உன் அப்பாரு ரத்தம் ஓசூர் வரை போயிருக்கிறது. உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். வருகிறவளிடம் போய் கிழமைக் கணக்குப் பேசாதே. ஒரு நாள் அவளுக்கு ஓடும், உனக்கு ஓடாது. மறு வாரம் மாறும். கையில் என்ன இருக்கிறதோ அதை இரண்டாக வைத்துச் சாப்பிடுங்கள். எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு முன்னால் ஒரு படம் வரைந்து அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? தொட்டியில் ஒரு மிதவை, கிணற்றில் ஒரு மிதவை, இரண்டையும் கம்பியால் பிரேக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டால் தொட்டி நிறைந்ததும் சக்கரம் தானாக நிற்கும், கிணறு இறங்கினாலும் தானாக நிற்கும், ஆள் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எங்கள் கம்பெனியில் இதைக் கரண்டில் செய்கிறோம், நீங்கள் காற்றில் செய்யுங்கள் என்று கிண்டல் வேறு. உன் அப்பா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார். இது இருந்திருந்தால் வாஷர் கருகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம், யாருடைய நாள் என்று மிதவைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நாளே வேண்டாம் என்பதுதான் பதில். தொட்டி நிறைந்து மிதவை ஏறியதும் மடை மாற வேண்டும், அவ்வளவுதான் செய்ய வேண்டியது. நீ செய்து தரக்கூடியவன். போர் போடுகிற செலவில் நூற்றில் ஒரு பங்கு ஆகாது. ஆனால் உன் அப்பாவுக்கு இப்போது தண்ணீர் பிரச்சினையே இல்லை. அது உனக்குத் தெரியாது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் அப்பா கோபத்தில் பிரிக்கச் சொல்கிறார், கோபம் நியாயமானது, நாம் கையெழுத்துப் போட்டு உதவ வேண்டும் என்றுதானே? கோபம் அந்த வியாழக்கிழமையோடு போய்விட்டது. தம்பியின் கை நேராக நீளுவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வாளியைத் தூக்கும்போது அது ஒரு மாதிரி மடங்கி நிற்கிறது. அதைப் பார்க்க முடியாமல் உன் அப்பா வரப்பு வழியாகப் போவதை விட்டு, ரோட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் காட்டுக்குப் போகிறார். கல்யாணம் காட்சி என்றால் அவன் வந்துவிட்டானா என்று முதலில் விசாரித்துவிட்டு, வந்திருந்தால் பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, போய் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்னன்னு கேக்கறது? கை எப்படி இருக்குதுன்னா?" என்றார்.

அப்படிக் கேட்டவர் அழுதார். நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்ததிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை. மறுவாரமே ஆள் வைத்துப் பத்திரம் எழுதிவிட்டார்.

இப்போது இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்று புதன்கிழமை, நம் நாள். காலையிலிருந்து நல்ல காற்று. பத்து மணிக்கெல்லாம் தொட்டி நிறைந்து வழிய ஆரம்பித்துவிட்டது. நம் காட்டில் நேற்று முன்தினம்தான் பாய்ச்சினோம், மண் இன்னும் ஈரம். அந்தப் பக்கம் உன் சித்தப்பாவின் மஞ்சள் இலை சுருட்டிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் அவர்கள் மூன்று நாளும் காற்று இல்லை, நேற்றும் இல்லை. வழிகிற தண்ணீர் யாருக்கும் ஆகாமல் பள்ளத்துக்குப் போகிறது. இந்தக் கடிதத்தில் கம்பிச் சத்தத்தைப் பற்றி எழுதிவிட்டு, சக்கரத்தைப் பார்க்க எழுந்து போனேன் அல்லவா? அப்போது பிரேக்கைப் போடத்தான் போனேன். நெம்புகோலில் கையும் வைத்துவிட்டேன். ஏனோ இழுக்கத் தோன்றவில்லை. மம்முட்டியை எடுத்து நம் வாய்க்காலை மண்ணால் அடைத்துவிட்டு, அவர்கள் மடையை வெட்டிவிட்டேன். நம் நாளில் அந்த மடை திறந்தது இதுதான் முதல் தடவை. யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது. தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு வந்து உனக்கு எழுதினேன். அதனால்தான் நடுநடுவே எழுந்து ஓடினேன்.

கடைசியாகப் போனபோது உன் சித்தப்பா பாத்தி ஓரமாக ஓடிவந்துகொண்டிருந்தார். மடை உடைந்துவிட்டது என்று நினைத்து அடைப்பதற்காக வந்திருக்கிறார். அவருக்குக் கிடைக்கிற தண்ணீரை அவரே அடைக்க வந்தார், பார்த்துக்கொள். உடையவில்லை, நான்தான் திருப்பினேன் என்றேன். இன்னைக்கு உங்க நாளுங்களே என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அதற்குள் கிழக்குக் காட்டிலிருந்து உன் அப்பா வந்துவிட்டார். நம் வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பார்த்திருப்பார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். என் கையிலிருந்த மம்முட்டியை வாங்கினார். அடைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து மடையை இன்னும் அகலமாக வெட்டிவிட்டார்.

வெட்டிய மண்கட்டி ஒன்று வாய்க்காலில் குறுக்கே விழுந்தது. அதை எடுத்துப்போட உன் சித்தப்பா கை நீட்டினார், இடது கை. அது பாதியில் நின்றுவிட்டது. மறுபடி நீட்டினார், எட்டவில்லை. உன் அப்பா அதைப் பார்த்தார். மம்முட்டியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி நடந்து போய்விட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ரோட்டுப் பக்கம் புளியமரத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறார் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு உன் சித்தப்பா அந்த மண்கட்டியை வலது கையால் எடுத்து ஓரமாக வைத்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"கெணத்த அண்ணனே வெச்சுக்கட்டுமுங்க. காட்டையும் எது வேணுமோ எடுத்துக்கட்டுமுங்க. எம் மொகத்தப் பாத்து ஒரு பேச்சுப் பேசச் சொல்லுங்க. அது போதுமுங்க."

நான் சொன்னால் உன் அப்பா போக மாட்டார். நீ வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகாதே. நேராக வீட்டுக்கு வா. முதலில் உன் சித்தப்பா வீட்டுக்குப் போய் அவர் கையைப் பார். அப்புறம் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அவர் திட்டுவார், வர மாட்டேன் என்பார், உன்னை எதற்குப் படிக்க வைத்தேன் என்பார். பரவாயில்லை. வேலியும் போரும் தனிக் கிணறும் அவர் கேட்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் அவர் கேட்பது அதையெல்லாம் இல்லை. சாகிற வரைக்கும் தம்பி முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட வழி கேட்கிறார். பெற்ற அப்பாவாக இருந்தாலும் அதை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடாதே, சாமி.

அம்மா